பங்குதாரர் கூட்டங்களில் செயற்கை நுண்ணறிவு

வருஷத்திற்கு ஒருமுறை சங்கத்தின் மகாசபை கூடுகிறது. காரியதரிசி அறிக்கையை வாசிக்கிறார். ஐந்தொகை சபையின் முன் வைக்கப்படுகிறது. பின்னர் அங்கத்தினர்கள் எழுந்து கேள்வி கேட்கின்றனர். கேட்பவரும் மனிதர், பதில் சொல்பவரும் மனிதர். இருவரும் மறுநாள் காலையில் ஒரே தெருவில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டியவர்கள். பெரிய கம்பெனிகளின் கூட்டங்களிலோ, கேட்பவர் இடத்திலும் சொல்பவர் இடத்திலும் இப்போது யந்திரம் வந்து அமர்ந்துள்ளது. அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் சிறு பங்குதாரர் அடைவது என்ன, இழப்பது என்ன என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

கம்பெனிப் பங்கு ஒன்றேனும் வாங்கியிராத நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் தறியில் ஏறும் நூல் ஆலையில் நூற்கப்படுவது. நம் வயலில் வெட்டப்படும் கரும்பு ஆலையில் அரைக்கப்படுவது. அவ்வாலைகளில் பல, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. பஞ்சு எத்தனை மாதங்களுக்கு இருப்பில் உள்ளது, நூல் விலை ஏறும் என்று எதிர்பார்க்கிறார்களா, கரும்புக்குரிய பாக்கி எப்போது தீர்க்கப்படும் என்பவற்றை ஆலை நிர்வாகிகள் நம்மிடம் சொல்வது அரிது. முதலீட்டாளரிடமோ அவர்கள் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு இன்று எவரும் எடுத்துப் படிக்கும்படி பொதுவில் வைக்கப்படுகிறது.

முதலீட்டாளர் தொடர்பு என்பது கம்பெனி நிர்வாகத்தில் தனி இலாகாவாக உருவானது சென்ற நூற்றாண்டின் நடுவில்தான். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, ரால்ஃப் கார்டினர் தலைவராயிருந்தபோது 1953இல் இதற்கென ஓர் இலாகாவை ஏற்படுத்தியது முதற்படி என்று கூறுவர். பங்குகள் சில குடும்பங்களின் கையிலிருந்து லட்சக்கணக்கான சாதாரண மக்களின் கைக்குப் பரவிய காலம் அது. அதன்பின் வருஷாந்தர மகாசபையோடு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தொலைபேசிக் கூட்டமும் வழக்கத்திற்கு வந்தது. இதன் நடைமுறை எளியது. கணக்கு வெளியான அன்றோ மறுநாளோ, நிர்வாக இயக்குநரும் நிதி அதிகாரியும் முதலில் கால் மணி அல்லது அரை மணி நேரம் எழுதி வைத்ததை வாசிப்பர். பின்னர் பங்கு ஆய்வாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கேள்வி கேட்பர்.

நெடுங்காலம் இக்கூட்டங்கள் பெரும் முதலீட்டாளருக்கு மட்டுமே திறந்த கதவாக இருந்தன. அங்கு சொல்லப்பட்டது சந்தைக்கு எட்டுமுன் அவர்கள் வாங்கியும் விற்றும் முடித்துவிடுவர். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2000ஆம் ஆண்டில் விதி ஒன்றை இயற்றி இதனைத் தடுத்தது. சிலருக்குச் சொல்லும் முக்கிய செய்தியை அனைவருக்கும் சொல்ல வேண்டும் என்பது அவ்விதி. நம் நாட்டில் செபி ஸ்தாபனம் 2021இல் தன் விதிகளைத் திருத்தியது. காலாண்டுக் கூட்டத்தின் ஒலிப்பதிவை, அடுத்த வர்த்தக தினத்திற்கு முன்போ 24 மணி நேரத்திற்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் வெளியிட வேண்டும். பேச்சின் எழுத்துப் பிரதியை ஐந்து வேலை நாட்களுக்குள் வெளியிட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயமாயிற்று. சிறு முதலீட்டாளருக்குச் செபி செய்த உபகாரங்களில் இதனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால், பிரதி எல்லோருக்கும் கிடைத்த அதே வேளையில் யந்திரத்திற்கும் கிடைத்தது.

யந்திரம் எவ்வாறு படிக்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். இப்பாடத்தின் கரு இதுவே. ஆரம்ப காலத்து யந்திர வாசிப்பு வெறும் சொற்கணக்கு. நல்ல சொற்கள் இத்தனை, கெட்ட சொற்கள் இத்தனை என்று எண்ணி, கெட்டவை மிகுந்தால் பங்கை விற்கலாம் என்று முடிவு கட்டும். எது கெட்ட சொல் என்பதற்கு, மனோதத்துவ ஆராய்ச்சிக்காக ஹார்வர்டில் தொகுக்கப்பட்ட அகராதி ஒன்றைக் கையாண்டனர். நோட்டர் டேம் சர்வகலாசாலையைச் சேர்ந்த டிம் லாஃப்ரன், பில் மெக்டொனால்ட் என்னும் இரு பேராசிரியர்கள் 2011இல் இதிலிருந்த பெருங்குறையை எடுத்துக்காட்டினர். கம்பெனி அறிக்கைகளில் கெட்டவை என்று எண்ணப்பட்ட சொற்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வியாபாரக் கணக்கில் கெட்டவையே அல்ல. வரி, செலவு, பொறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. புற்றுநோய்க்கு மருந்து செய்யும் கம்பெனியின் அறிக்கையில் நோயின் பெயர் நூறு முறை வந்தால், அந்த வியாபாரமே நோயுற்றதாக யந்திரம் கருதிவிடும்.

நம் ஐந்தொகையைக் கொண்டே இதனை விளக்கலாம். அங்கத்தினர்கள் சங்கத்தில் போட்டுள்ள சேமிப்பு வைப்புத் தொகை எந்தப் பக்கத்தில் வருகிறது? பொறுப்புகள் பக்கத்தில். வைப்புத் தொகை பெருகுவது சங்கத்தின்பால் அங்கத்தினர் கொண்ட நம்பிக்கைக்கு அடையாளம். ஐந்தொகையின் முறை அறியாத ஒருவர் பார்த்தால், சங்கத்தின் கடன் ஏறிக்கொண்டே போகிறது என்று பயந்துவிடுவார். யந்திரத்திற்கு நேர்ந்ததும் அந்தப் பயமே.

அவ்விருவரும் நிதித் துறைக்கென்று வேறோர் அகராதியைத் தயாரித்து வெளியிட்டனர். அது வெகுவாகப் பரவியது. இங்குதான் விநோதம் தொடங்குகிறது. யந்திரம் எந்தச் சொற்களைக் கெட்டவை என்று எண்ணுகிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கம்பெனி நிர்வாகிகளுக்கும் தெரிந்துவிட்டது. வெய் ஜியாங்கும் வேறு மூன்று ஆராய்ச்சியாளரும் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதன் விளைவை அளந்தது. அமெரிக்க ஆணையத்தின் இணையக் களஞ்சியத்திலிருந்து கம்பெனி அறிக்கைகளை எடுத்தவை மனிதரா யந்திரமா என்று பிரித்துப் பார்த்ததில், 2003இல் 39 சதவீதமாயிருந்த யந்திரத்தின் பங்கு 2016இல் 78 சதவீதமாக உயர்ந்திருந்தது. எந்தக் கம்பெனியின் அறிக்கையை யந்திரங்கள் அதிகமாக எடுத்தனவோ, அந்தக் கம்பெனி புதிய அகராதியிலுள்ள கெட்ட சொற்களை 2011க்குப் பிறகு கவனமாகத் தவிர்த்து எழுதியிருந்தது. பழைய அகராதியின் சொற்களில் அத்தகைய மாறுதல் இல்லை. மேலும், கூட்டத்தில் பேசும்போது குரலையும் உற்சாகமாக வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தனர். ஏனெனில் யந்திரம் குரலின் ஏற்ற இறக்கத்தையும் அளக்கிறது.

இதன் பொருளை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நஷ்டம் நஷ்டமாகவே இருக்கிறது. அதைச் சொல்லும் சொல் மட்டும் மாறியிருக்கிறது. சாயம் ஏறிய நூலின் பளபளப்பைக் கண்டு முறுக்கைச் சோதியாமல் விடும் நெசவாளர் நம்மில் எவருமில்லை. அதுபோல, எழுதி வாசிக்கப்பட்ட முன்னுரையை விட்டு, கேள்வி-பதில் பகுதியை முதலில் படிப்பது நல்ல வழக்கம். முன்னுரையைப் பத்துப் பேர் கூடித் திருத்தியிருப்பர். கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் தயக்கமும், நழுவலும், "அதைப் பற்றிப் பிறகு தெரிவிக்கிறோம்" என்பதும் வெளிப்படும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் யந்திர வாசிப்பு வேறு நிலையை அடைந்துவிட்டது. சொற்களை எண்ணுவதோடு நில்லாமல் வாக்கியத்தின் போக்கையும் அது ஓரளவு பின்பற்றுகிறது. நாற்பது பக்கப் பிரதியை ஒரு நிமிஷத்தில் ஒரு பக்கமாகச் சுருக்கித் தருகிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழிலும் தருகிறது. சென்ற நான்கு காலாண்டுகளில் நிர்வாகி வாக்களித்தவை எவை, நிறைவேற்றியவை எவை என்று கேட்டால் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. முன்பு பம்பாயிலோ நியூயார்க்கிலோ பெரிய ஆய்வாளர் அறையில் சம்பளத்திற்கு ஆள் வைத்துச் செய்த வேலை இது. ஈரோட்டிலோ விழுப்புரத்திலோ இருக்கும் ஒரு பள்ளி மாணவியைக் கொண்டு இன்று அதைச் செய்துகொள்ளலாம். இது சிறு மனிதருக்குக் கிடைத்த உண்மையான லாபம். இதனைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நானே ஒரு நூற்பாலையின் பிரதியையும் ஒரு சர்க்கரை ஆலையின் பிரதியையும் யந்திரத்திடம் கொடுத்துத் தமிழ்ச் சுருக்கம் கேட்டுப் பார்த்தேன். நடை நன்றாகவே இருந்தது. ஆனால் 40ஆம் நம்பர் நூல் என்று வர வேண்டிய இடத்தில் நாற்பது எண்ணிக்கை நூல் என்று வந்தது. அதையாவது சிரித்துவிட்டு விடலாம். சர்க்கரை ஆலையின் சுருக்கத்திலோ, கரும்பின் சர்க்கரைக் கட்டுமானம் குறைந்தது என்ற செய்தி, ஆலையின் வசூல் குறைந்தது என்று வந்திருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

இது சிறு பிழை அன்று. 2025–26 பருவத்திற்கு மத்திய அரசு நிர்ணயித்த கரும்பு விலை குவின்டாலுக்கு 355 ரூபாய். அதாவது டன்னுக்கு 3,550 ரூபாய். இந்த விலை 10.25 சதவீதக் கட்டுமானத்திற்கு உரியது. கட்டுமானம் 0.1 சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் குவின்டாலுக்கு 3 ரூபாய் 46 காசு கூடும் அல்லது குறையும். 9.5 சதவீதத்திற்குக் கீழே போனால் மட்டும் மேற்கொண்டு பிடித்தம் இல்லை. குவின்டாலுக்கு 329 ரூபாய் 5 காசு நிச்சயம். ஆகவே கட்டுமானம் 9.75 சதவீதமாக இறங்கினால் டன்னுக்கு 173 ரூபாய் குறைகிறது. ஆலையின் நிர்வாகி முதலீட்டாளரிடம் கட்டுமானம் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் கரும்பு போடுபவரின் மடியைத் தொடுவது. அதை வசூல் என்று படித்துவிட்டு, ஆலைக்கு வர வேண்டிய பணம் வரவில்லை போலும் என்று இரக்கப்பட்டால் நஷ்டம் நமக்கே. தொழிற்சொல் வரும் இடத்திலெல்லாம் மூலப் பிரதியை ஒருமுறை புரட்டிப் பார்த்தே தீர வேண்டும். எண்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. பிரதியில் இல்லாத எண்ணையும் இருப்பதுபோல் தயக்கமின்றி எழுதிவிடும் குணம் இந்த யந்திரத்திற்கு உண்டு.

இனி, மேடையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். யந்திரத்தின் துணையைக் கேட்பவர் மட்டுமின்றிச் சொல்பவரும் நாடுகின்றனர். கூட்டத்திற்கு முந்தின வாரமே, இன்ன ஆய்வாளர் முன்பு என்னென்ன கேட்டார், இம்முறை எதைக் கேட்கக்கூடும் என்று யந்திரத்திடம் கேட்டு, பதில்களைத் தயாரித்து ஒத்திகை பார்க்கின்றனர். இதில் குற்றம் காண்பதற்கில்லை. கேள்வியை எதிர்பார்த்துத் தயாராவது எந்தக் காரியதரிசியும் செய்வதே.

அடுத்த படியில்தான் மனம் சற்றே தயங்குகிறது. ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த கிளார்னா என்னும் கம்பெனி 2025 மே மாதத்தில் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, அதைப் படத்தில் தோன்றி விவரித்தது தலைமை நிர்வாகி செபாஸ்டியன் ஷெமியாட்கோவ்ஸ்கி அல்ல. அவரைப் போலவே முகமும் குரலும் கொண்டு யந்திரத்தால் ஆக்கப்பட்ட உருவம். அதே மாதத்தில் அமெரிக்காவின் ஜூம் கம்பெனித் தலைவர் எரிக் யுவானும் காலாண்டுக் கூட்டத்தின் ஆரம்ப உரையைத் தம் யந்திர உருவத்தைக் கொண்டே நிகழ்த்தினார். இருவரும் இது யந்திர உருவம் என்பதை மறைக்கவில்லை. யுவானின் கூட்டத்தில் கேள்வி-பதில் பகுதிக்கு அவரே நேரில் வந்தார். அந்த எல்லை எனக்குச் சரியாகப் படுகிறது. எழுதி வைத்த அறிக்கையை யார் வாசித்தால் என்ன? நம் சபைகளிலும் காரியதரிசிக்குத் தொண்டை கட்டியிருந்தால் குமாஸ்தா வாசிப்பது உண்டு. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்வது வாசிப்பு அன்று. அது பொறுப்பு ஏற்பது. பொய் சொன்னால் விசாரணைக்கு அழைக்கப்படக்கூடியவரே பதில் சொல்லத் தகுந்தவர். யந்திர உருவத்தை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

செபி 2025இல் தரகர் முதலிய இடையீட்டாளர் விஷயத்தில் இதனை விதியாகவே எழுதிவிட்டது. அவர்கள் கையாளும் செயற்கை நுண்ணறிவுக் கருவி என்ன விளைவைத் தந்தாலும், அக்கருவியைப் பிறரிடமிருந்து வாங்கியிருந்தாலும், பொறுப்பு அவர்களுடையதே.

மகாசபைகளில் வேறொரு மாறுதல் சந்தடியின்றி நடந்து வருகிறது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் கம்பெனிகள் காணொலி வாயிலாக மகாசபை நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. அது முதல், தூரத்து ஊர்களிலுள்ள பங்குதாரரும் ரயில் செலவின்றிக் கலந்துகொள்ள முடிகிறது. அதே சமயம், பேச விரும்புவோர் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும்; கேள்விகளை எழுதி அனுப்புவதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எழுதி வந்த நூற்றுக்கணக்கான கேள்விகளை யந்திரத்திடம் கொடுத்தால், ஒன்றுபோல் உள்ளவற்றைச் சேர்த்து ஐந்தாறு தலைப்புகளாகத் தொகுத்துவிடும். தலைப்புக்கு ஒரு பதில் சொல்லிக் கூட்டத்தை முடிக்கலாம். நேரம் மிச்சம். எந்தத் தலைப்பிலும் சேராத ஒற்றைக் கேள்வி என்னவாகும்?

நான் இளைஞனாயிருந்தபோது ஒரு சங்கத்தின் மகாசபைக்குப் போயிருந்தேன். போனஸ் எவ்வளவு, தீபாவளிக்கு முன்பா பின்பா என்று நாற்பது பேர் கேட்டனர். கடைசி வரிசையில் ஒரு முதியவர் எழுந்து, "சரக்கு இருப்பில் சென்ற வருஷம் சொன்ன சேலைக் கட்டுகளும் இந்த வருஷம் சொல்கிற கட்டுகளும் ஒரே எண்ணாக இருக்கிறதே, ஒன்று கூட விற்கவில்லையா?" என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரம் கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது கட்டுகளில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்து மடிப்பில் கிழிந்திருந்தன. புத்தகத்தில் மட்டும் அவை முழு விலைக்கு நின்றன. அந்த வருஷத்து லாபம் என்று அறிவித்த தொகையே காற்றாகப் போயிற்று. நாற்பது பேரின் கேள்விகளோடு பெரியவரின் கேள்வியையும் ஒரு யந்திரத்தில் போட்டுத் தொகுத்திருந்தால், அதில் போனஸ் என்ற தலைப்பு முதலில் வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. கம்பெனிப் பங்குதாரராக இருக்கும் அங்கத்தினர்கள், தங்கள் கேள்வியை எழுதி அனுப்பியதோடு நிற்காமல் பேசுவோர் பட்டியலிலும் பெயர் கொடுப்பது உத்தமம்.

போலி உருவங்களைப் பற்றியும் சில வார்த்தைகள். யந்திரத்தால் முகத்தையும் குரலையும் ஆக்க முடியும் என்றால், உரியவர் அனுமதியின்றியும் ஆக்க முடியும். தேசியப் பங்குச் சந்தையின் தலைமை நிர்வாகி ஆஷிஷ்குமார் சௌஹான் குறிப்பிட்ட பங்குகளை வாங்கச் சொல்வதுபோல் போலிப் படங்கள் உலவியதால், 2024 ஏப்ரலில் அச்சந்தை பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. மறு மாதம் ஒமாஹா நகரில் தம் கம்பெனியின் மகாசபையில் பேசிய வாரன் பஃபெட், தம் உருவிலும் குரலிலும் வந்த போலிப் படமொன்றைத் தாமே பார்த்ததாகவும், பணம் கேட்ட அந்த உருவத்திற்குத் தாமே பணம் அனுப்பியிருப்பார் போலத் தோன்றியதாகவும் வேடிக்கையாகக் கூறினார். ஹாங்காங்கில் ஆரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு அது வேடிக்கையாக முடியவில்லை. காணொலிக் கூட்டத்தில் நிதி அதிகாரியும் சக ஊழியரும் இருப்பதாக நம்பி அவர் அனுப்பிய தொகை 20 கோடி ஹாங்காங் டாலர். கூட்டத்தில் தோன்றியவர்கள் போலி உருவங்கள். 2024இல் இது வெளியாயிற்று.

ஆகவே, கைபேசியில் யாரோ அனுப்பும் படத்தைக் கொண்டு எந்தக் கம்பெனியின் செய்தியையும் நம்ப வேண்டாம். ஒலிப்பதிவும் எழுத்துப் பிரதியும் கம்பெனியின் இணையதளத்திலும், மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களிலும் கம்பெனியின் பெயருக்குக் கீழ் அறிவிப்புகள் பகுதியில் கிடைக்கும், கட்டணம் இல்லை. எழுத்துப் பிரதியில் ஐயம் எழும் இடத்தை ஒலிப்பதிவில் கேட்டுச் சரிபார்க்கலாம். நூல் வாங்கும் ஆலையாயினும் கரும்பு அனுப்பும் ஆலையாயினும், இம்முறைப் பிரதியோடு ஒரு வருஷத்திற்கு முந்தின அதே காலாண்டின் பிரதியையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. பருவத்திற்குப் பருவம் மாறும் தொழிலில் அடுத்தடுத்த காலாண்டுகளை ஒப்பிட்டால் கணக்கு தவறாகத் தெரியும். காலாண்டுக் கூட்டம் நடத்துவது கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்தது. நடத்தாத ஆலைகளும் உண்டு. அவற்றின் விஷயத்தில் காலாண்டுக் கணக்கும் வருஷ அறிக்கையும் மட்டுமே கிடைக்கும். சரக்கு இருப்பும் கொடுக்க வேண்டிய பாக்கிகளும் வருஷ அறிக்கையின் ஐந்தொகையில் காணப்படும்.